இரு முனைகளுக்கிடையே ஒரு மண்சுவர்

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள், தாமாகவே தோன்றியவை என்று வைணவர்கள் போற்றும் எட்டு க்ஷேத்திரங்களுள் ஒன்றில் எழுந்தருளியிருப்பவர் என்பதும், மாசி மாதத்தில் உற்சவ மூர்த்தி பல்லக்கேறி வயல்களையும் சிற்றூர்களையும் கடந்து கிள்ளைக் கடற்கரைக்குச் சென்று தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார் என்பதும், அவ்வழியில் முஸ்லிம் மக்களும் அவரை மரியாதை செய்து வரவேற்கும் வழக்கம் தலைமுறைகளாக நின்று வருகிறது என்பதும் தென்னாற்காட்டுப் பக்கத்தார் அனைவரும் அறிந்த விஷயங்கள். அந்த நெடும்பயணத்தின் இரவுகளுக்கு வெளிச்சம் எவ்விதம் வந்தது என்று மட்டும் ஒருவரும் அதிகமாக விசாரிப்பதில்லை. சுவாமியின் அலங்காரத்தைப் பற்றியும் மண்டபத்துச் சிற்பங்களைப் பற்றியும் எழுதப்பட்டவை மிகுதி. சுவாமிக்கு முன்னே நடந்த விளக்கைப் பற்றி எழுதப்பட்டது சொற்பம். ஆயினும் ஓர் ஊர் தன் இரவை எப்படிக் கடந்தது என்பதும் அந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு பகுதியே ஆகும்.

இரும்புக் கம்பியின் தலையில் பழந்துணியை இறுகச் சுற்றி, எண்ணெயில் நன்றாக ஊறவைத்துக் கொளுத்தி, ஒரு கையில் அந்தத் தீவட்டியையும் மறு கையில் எண்ணெய்ச் சொம்பையும் ஏந்திக்கொண்டு பல்லக்குக்கு முன்னும் பின்னும் ஆட்கள் நடந்ததே நம் கோயில்களின் புராதன ஏற்பாடு. சொட்டுகிற எண்ணெயையும் பறக்கிற பொறியையும் தாங்கி நடக்கும் அந்த ஊழியம் இன்ன குடியாருக்குரியது என்று ஊர்தோறும் வகுக்கப்பட்டிருந்தது; அவர்களுடைய பெயர்களை எந்தக் கல்லும் சுமக்கவில்லை. சந்நிதிக்குள் எரியும் விளக்குக்கோ கல்லிலேயே பாதுகாப்பு இருந்தது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் படிப்பவர்கள், ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிவதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டுமென்றும், அதற்காக 90 அல்லது 96 ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று சொல்லி ஆயர்களிடம் ஒப்படைத்தார்களென்றும் காண்பார்கள். ஒரே ஒரு சுடருக்கு ஒரு மந்தையே மூலதனமாக இருந்த காலம் அது. சாமானிய மனிதன் இரவில் வெளியே போக நேர்ந்தால், பனையோலையை முறுக்கிக் கட்டிய சூளைக் கொளுத்திக்கொண்டு போவான். அல்லது நிலவை நம்பிப் போவான். இரண்டும் இல்லாவிட்டால் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு போவான். பாம்புக்கு அந்தத் தட்டே எச்சரிக்கை.

பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. அதனோடு அரிக்கேன் விளக்கும், உற்சவங்களில் தலைமேல் சுமந்து செல்லப்பட்ட பெட்ரோமாக்ஸும் வந்தன. இவற்றை விரிவாகச் சொல்ல இங்கே அவசியமில்லை. இவையெல்லாம் தீயையே கண்ணாடிக்குள்ளும் வலைக்குள்ளும் அடைத்த சாதனங்கள். தீயே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று கிராமத்தான் கைக்கு வந்ததுதான் மெய்யான மாறுதல். அதன் கதை, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விருத்தாசலத்தார் இன்று தொழிலாகக் கொண்டிருக்கும் பொருளான களிமண்ணோடு சம்பந்தப்பட்டது என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஓர் ஆச்சரியம் உண்டாகிறது.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாருடைய நெய்வேலி நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒன்று மேலே வந்ததும், அதுவே பழுப்பு நிலக்கரி என்று பின்னர் அறியப்பட்டதும், 1956-ல் அதற்கென ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டு 1957 மே மாதத்தில் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும் பலர் அறிந்த சரித்திரம். நிலக்கரியை எட்டுவதற்கு மேலே கிடந்த மண்ணை அகற்ற வேண்டியிருந்தது. அகற்றிய மண்ணிலே வெண்களிமண் மிகுதியாக இருந்தது. அந்த வெண்களிமண்ணின் சமீபமே விருத்தாசலத்தைப் பீங்கான் நகரமாக்கிற்று. மின்கம்பங்களுக்குரிய காப்பான்களும், வீட்டு மின்பலகையில் பொருத்தும் பியூஸ் கட்டைகளும், கொலுப் பொம்மைகளும், கிண்ணங்களும் அங்கே உள்ள சூளைகளிலிருந்து வெளிவருகின்றன. அத்தொழிலைக் கற்பிப்பதற்கு அரசாங்கத்தின் கல்விச்சாலையும் அங்கேயே உண்டு. மின்சாரத்தைப் பாயவிடாமல் தடுப்பதே பீங்கானின் குணம். அந்தக் குணத்தையே அவ்வூரார் விற்கிறார்கள்.

ஆனால் மெருகிடாமல் சுட்ட மண்ணுக்கு வேறொரு குணம் உண்டு. அது திரவத்தைக் கலக்கவிடாமல் பிரித்து நிறுத்தும். அதே சமயத்தில் நுண்ணிய துளைகளின் வழியே மின்னேற்றமுள்ள துகள்களை நடமாட விடும். 1836-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த டேனியல் என்பவர் மயில்துத்தக் கரைசலையும் துத்தநாகம் நிற்கும் கரைசலையும் ஒரே பாத்திரத்தில் கலக்காமல் வைக்க வழி தேடியபோது, முதலில் மாட்டின் தொண்டைக்குழாயைத் தடுப்பாகப் பயன்படுத்தினார். சில ஆண்டுகளுக்குள் அந்த இடத்தை மெருகிடாத மட்குடுவை எடுத்துக்கொண்டது. 1866-ல் பிரான்ஸ் தேசத்து லெக்லாஞ்சே, மாங்கனீஸ் டையாக்ஸைடையும் கரியையும் அத்தகைய மட்குடுவைக்குள் திணித்து, நவச்சாரம் கரைத்த நீரில் அதையும் ஒரு துத்தநாகக் கோலையும் நிறுத்தி, தந்திக்கும் மின்மணிக்கும் பல்லாண்டுகள் உழைத்த மின்கலத்தைச் சிருஷ்டித்தார். நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே நின்ற அந்த மண்சுவர்தான் மின்கலத்தின் பிரதான அங்கம் என்று நான் கருதுகிறேன். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தேடுகின்றன. அவை நேராகச் சந்தித்துவிட்டால் கலத்தில் அடங்கியிருக்கும் சக்தி முழுவதும் நொடியில் வெப்பமாகிவிடும். சந்திக்கவிடாமல் சுற்றுவழியாக அனுப்பினால்தான் அது நமக்கு வெளிச்சமாகும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்தச் சுவரைப் பற்றியதே.

ஜெர்மானியரான காஸ்னர் 1880-களின் பிற்பகுதியில் திரவத்தைப் பசையாக்கி, துத்தநாகக் கோலையே டப்பாவாக்கி, எங்கும் எடுத்துச் செல்லக்கூடிய உலர்கலத்தைச் செய்தார். 1899-ல் டேவிட் மிசெல் என்பவர் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் வழியே, கான்ராட் ஹியூபர்ட் என்பவருடைய கம்பெனி குழாய் வடிவான கைவிளக்கை விற்கத் தொடங்கிற்று. எவரெடி என்ற பெயர் அங்கிருந்து புறப்பட்டதே. இந்தியாவுக்கு இந்தக் கலங்கள் முதலில் கப்பலேறி வந்தன; பிறகு கல்கத்தாவிலும், அதற்குப் பின் நமது திருவொற்றியூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. ஒன்பது என்ற எண்ணின் வழியே பூனை பாயும் முத்திரையை, எழுத்தறியாத கிழவரும் கடையில் விரல் நீட்டிக் காட்டி வாங்கினார். 1972-ல் சென்னையில் ஓபுல் ரெட்டி தொடங்கிய கம்பெனி ஜப்பானியருடைய கூட்டுறவோடு நிப்போ கலங்களைக் கொண்டுவந்தது. அலகாபாத்திலிருந்து ஜீப் டார்ச்சுகள் வந்தன. எவரெடி கலங்களை இந்நாட்டில் செய்துவந்த யூனியன் கார்பைடு நிறுவனமே போபாலில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையையும் நடத்திவந்தது என்பதையும், 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவைக் கடந்து அங்கே வெளியேறிய நச்சுவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது என்பதையும் இந்தச் சரித்திரத்தில் விட்டுவிட்டு எழுதுவது நியாயமாகாது. வீட்டுக்கு வீடு நம்பிக்கையோடு வாங்கப்பட்ட ஒரு சிறு பொருளின் பின்னே எத்தகைய பாதுகாப்பு இருக்கிறது என்று கேட்பது அநாவசியமான கேள்வியன்று.

நம் பக்கத்துக் கிராமங்களில் டார்ச்சைப் ‘பேட்டரி லைட்’ என்றும், அதற்குள் இடும் கலத்தைக் ‘கட்டை’ என்றும் சொல்வார்கள். இரண்டு கட்டை லைட்டு, மூன்று கட்டை லைட்டு என்று கட்டைகளின் எண்ணிக்கையே விளக்கின் அந்தஸ்தைக் குறிக்கும். ஐந்து கட்டை லைட்டை வைத்திருப்பவர் ஊரில் முக்கியஸ்தராகவோ களத்துமேட்டுக் காவலராகவோ இருப்பார். இராத்திரியில்தான் மும்முனை மின்சாரம் வருகிறதென்று கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் பாய்ச்சப் போகிற விவசாயி, மோட்டார்க் கொட்டகைக்குச் செல்லும் வரப்பின்மேல் வெளிச்சத்தை முன்னே எறிந்து, அது விழுந்த இடத்தில் விரியன் இல்லை என்று கண்ட பிறகே அடி எடுத்து வைப்பார். அவருக்கு டார்ச் ஆடம்பரமன்று, உயிர்க்காவல். ஆகவே கட்டையின் ஆயுளை ஒரு நாளாவது நீட்டிக்க வேண்டுமென்ற ஆத்திரத்தில் பலவிதமான பழக்கங்கள் உண்டாயின.

வலுக்குறைந்த கட்டைகளைக் கழற்றி முற்றத்து வெயிலில் காயவைப்பது முதற்பழக்கம். இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. ஓய்வு கிடைத்த துத்தநாகக் கலத்தினுள்ளே வேதிப்பொருள்கள் மறுபடி பரவிச் சமநிலை பெறுவதாலும், வெப்பத்தால் உள்ளே நிகழும் வேதிவினை துரிதமாவதாலும் அது சிறிது நேரத்துக்கு உயிர்பெறத்தான் செய்யும். கண்டறிந்த அநுபவத்திலிருந்தே அப்பழக்கம் பிறந்தது. மூன்று கட்டைகளில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி, மற்ற இரண்டையும் பழையனவாகவே விட்டு ஓட்டுவது இரண்டாவது சிக்கனம். பெட்டிக்குள் வைக்கும்போது பொத்தான் தானாக அழுந்தி எரிந்துவிடக்கூடாதென்று ஒரு கட்டையைத் தலைகீழாகத் திருப்பி இடுவதும் உண்டு. செத்த கட்டையைப் பிள்ளைகள் கல்லால் உடைத்து, நடுவிலிருந்த கரிக்கோலை எடுத்துச் சடுகுடு விளையாட்டுக்குக் கோடு கிழிப்பார்கள். கறுப்புத் தூள் கைமுழுதும் ஒட்டிக்கொள்ளும். பெரியவர்கள் தீர்ந்த கட்டையை அடுப்பங்கரைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவதும் இருந்தது. இவ்வளவையும் அந்தத் துத்தநாகக் கலம் பொறுத்துக்கொண்டது. மிஞ்சினால் வீங்கிக் கசிந்து டார்ச்சின் குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் பச்சையாகப் பூத்துப்போகும். ஒரு டார்ச் வீணாகும். அந்தக் கலத்தில் அடங்கிய சக்தி அற்பம். அதனுள் இருந்ததோ நீர்ப்பசை. தலைமுறைகளாக நம் கைகள் கற்றுக்கொண்ட பழக்கங்கள் எல்லாம் இந்தப் பொறுமையுள்ள பொருளிடம் கற்றவை. பிறகு வந்த பொருள் அந்தப் பொறுமை உடையதன்று.

இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இரண்டு காரியங்கள் நடந்தன. 1990-களில் நீல ஒளி உமிழும் டயோடும் அதைக்கொண்டு வெண்ணொளி தரும் எல்.இ.டி.யும் கைகூடின, அதனால் விரல் பருமனுள்ள விளக்கும் தெருவின் மறுகோடி வரை ஒளி வீசலாயிற்று. மற்றொன்று லித்தியம். 1970-களில் விட்டிங்ஹாம் லித்திய அணுக்களை அடுக்குகளுக்கிடையே புகுத்தி எடுக்கும் உபாயத்தைக் காட்டினார். 1980-ல் குட்இனஃப் கோபால்ட் ஆக்ஸைடை நேர்முனையாக்கினார். 1985-ல் யோஷினோ கரியை எதிர்முனையாக வைத்து நடைமுறைக்கு உதவும் கலத்தை அமைத்தார். 1991-ல் சோனி கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இம்மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. கலப்பில்லாத லித்திய உலோகத்தையே எதிர்முனையாக வைத்துக் கனடாவின் மோலி எனர்ஜி என்ற கம்பெனி செய்த கலங்கள் 1989-ல் தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்ட சம்பவம், இந்தப் பொருளோடு விளையாடலாகாது என்று உலகத்துக்குக் கிடைத்த முதற்பாடம். திரும்பத் திரும்ப மின்னேற்றும்போது அந்த உலோகம் ஊசிபோல் முளைத்து, நடுவிலிருந்த மெல்லிய தடுப்பைத் துளைத்து மறுமுனையைத் தொட்டுவிடுகிறது.

நோபல் விழாவில் தொண்ணூற்றேழு வயது நிரம்பிய குட்இனஃப் அவர்களுக்காக அவருடைய பேருரையை நிகழ்த்தியவர் ஒரு தமிழர் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். தென் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் குட்இனஃபுடன் சேர்ந்து 1980-களின் பிற்பகுதியில் இரும்புச் சல்பேட்டு முதலான சேர்மங்களை ஆராய்ந்தார். அந்த வழியிலேயே பின்னர் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி முதலியோர் குட்இனஃபுடன் சேர்ந்து 1997-ல் லித்திய இரும்புப் பாஸ்பேட்டைப் பற்றி வெளியிட்டார்கள். கோபால்ட் ஆக்ஸைடு மிகையாகச் சூடேறினால் தன் ஆக்ஸிஜனை விட்டுவிடும். அந்த ஆக்ஸிஜனே உள்ளிருக்கும் தீக்கு ஊட்டமாகும். பாஸ்பேட்டிலோ ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு உறுதியாகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளிவராது. பாதுகாப்பான கட்டை எது என்று கேட்பவருக்குச் சொல்லவேண்டிய விடையின் சரிபாதி இந்த ஒரு வேற்றுமையில் அடங்கியிருக்கிறது.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் ஈந்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இந்த வித்தையில் நம் நாட்டுக்கு முதற்பள்ளி. அந்நிலையத்தார் உள்நாட்டு லித்தியக் கலங்களைச் செய்துகாட்டுவதற்குச் சென்னையில் ஒரு முன்மாதிரிக் கூடம் அமைத்தார்கள். 2018-ல் அந்த நுட்பத்தைத் தொழில்துறையாருக்குக் கைமாற்ற உடன்படிக்கையும் செய்தார்கள். ஆயினும் இன்று ஸ்ரீமுஷ்ணத்துத் தேர்த்தெருக் கடையில் தொங்கும் விரலளவு டார்ச்சின் உள்ளே இருக்கும் கலம் பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது.

அந்தக் கலத்தைப் பிரித்துப் பார்க்கலாகாது. படத்திலே பார்த்தால் போதும். நேர்முனைத் தாளும் எதிர்முனைத் தாளும், அவற்றின் நடுவே மயிரிழையினும் மெல்லிய பிளாஸ்டிக் தாளுமாகச் சேர்த்துச் சுருட்டி, எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் நனைத்து, உருளைக்குள் அடைத்திருப்பார்கள். லெக்லாஞ்சேயின் மட்குடுவை செய்த வேலையை இப்போது அந்தப் பிளாஸ்டிக் தாள் செய்கிறது. பாலித்தீனாலான தாள் சுமார் 130 பாகை வெப்பத்தில் உருகிவிடும். அதனால் நல்ல கலங்களில் அத்தாளின் மேல் அலுமினா என்ற பீங்கான் தூளை மெல்லிய பூச்சாகத் தடவுகிறார்கள். நெய்வேலி வெண்களிமண்ணில் சிலிக்காவோடு பிணைந்து கிடப்பதும் அந்த அலுமினாவே. தாள் உருகினாலும் பூச்சு முனைகளை விலக்கி நிறுத்த முயலும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மண்ணை விட்டு விலகிப்போன மின்கலம், ஆபத்து அதிகமானவுடன் மறுபடி மண்ணையே துணைக்கு அழைத்துக்கொண்டது. வீராணத்து ஏரியில் மதகின் வழியே இறங்கும் தண்ணீரும் கரையை உடைத்துப் பாயும் தண்ணீரும் ஒரே தண்ணீர்தான். முன்னது பயிரை வளர்க்கிறது, பின்னது ஊரை அழிக்கிறது. லித்தியக் கலத்தின் மின்சாரமும் அப்படியே.

பழைய பழக்கங்கள் இங்கே எவ்வளவு விபரீதமாகின்றன என்று இப்போது பார்க்கலாம். கத்திரி வெயிலில் முற்றத்தில் காயவைத்த லித்தியக் கட்டை வலுப்பெறாது. உள்ளே அழுகத் தொடங்கும். 45 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் அதற்கு மின்னேற்றவே கூடாது என்பது செய்பவர்களின் பொதுவிதி. சித்திரை மாதத்து ஓட்டுவீட்டின் பரணும் வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையும் அந்த வரம்பைத் தாண்டுபவை. பழையதையும் புதியதையும் ஒரே குழாயில் கலந்து இட்டால், வலுவற்ற கட்டை முதலில் வற்றி, வலுவுள்ளது அதன் வழியே மின்சாரத்தைத் தலைகீழாகச் செலுத்தும். துத்தநாகத்தில் கசிவோடு முடிந்த அந்தக் காரியம் இங்கே வெடிப்பில் முடியக்கூடும். ஒன்றைத் திருப்பிப் போடுவதும் அத்தகைய ஆபத்தே. மடியிலோ சட்டைப் பையிலோ சில்லறையோடும் சாவியோடும் போட்டுக்கொண்டு நடப்பது இன்னும் மோசம். லித்திய உருளையின் உடல் முழுதும் எதிர்முனை. அதன் மேலுறை மட்டுமே அதற்கு ஆடை. தலைப்பக்கத்தில் அந்த உறை சிறிது கிழிந்திருந்து ஒரு நாணயம் பட்டாலும் இரு முனைகளும் இணைந்துவிடும். உடைப்பதையும் கொளுத்துவதையும் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகையால் சிறு டார்ச்சுக்குக் கட்டை தேர்ந்தெடுப்பவர் முதலில் அளவு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். 14500 என்றால் விட்டம் 14 மில்லிமீட்டர், நீளம் 50 மில்லிமீட்டர். 10440 என்றால் விட்டம் 10, நீளம் 44. 18650 என்பது 18-க்கு 65. பேனாக்கட்டை என்று நாம் சொல்லும் சாதாரணக் கலத்தின் உருவமே 14500-க்கும் என்பதால் ஏமாற்றம் தொடங்குகிறது. பேனாக்கட்டையின் அழுத்தம் 1.5 வோல்ட், லித்தியக் கட்டை மின்னேற்றம் முடிந்தவுடன் 4.2 வோல்ட். உருவம் பொருந்துகிறதே என்று கடிகாரத்திலோ பொம்மையிலோ பழைய டார்ச்சிலோ இட்டால் அது கருகிவிடும். டார்ச்சைச் செய்தவர் எந்தக் கலத்துக்கென்று எழுதியிருக்கிறாரோ அதையன்றி வேறொன்றை இடலாகாது.

என்னுடைய அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கும் கொல்லைக்கும் மட்டும் வேண்டிய சிறு விளக்குக்கு லித்தியமே அவசியமில்லை; 1.2 வோல்ட் தரும் நிக்கல் உலோக ஹைட்ரைடு கலம் போதும். அது பலநூறு தடவை மின்னேற்றத்துக்கு நிற்கும், பழைய கட்டையின் பொறுமையும் அதற்குப் பெரும்பாலும் உண்டு. லித்தியந்தான் வேண்டுமென்றால் டார்ச் ஏற்குமிடத்தில் 3.2 வோல்ட் இரும்புப் பாஸ்பேட்டுக் கட்டையைக் கேட்டு வாங்கலாம். கொள்ளளவு குறைவு, மனநிம்மதி அதிகம். அதை 3.6 வோல்ட்டில் நிறுத்தும் அதற்கே உரிய சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும், 4.2 வோல்ட் சார்ஜரில் ஏற்றினால் அந்தச் சாதுவையும் கெடுத்துவிடுவோம். அதிக வெளிச்சம் வேண்டிக் கோபால்ட் முதலியவை சேர்ந்த கட்டைக்குப் போகிறவர்கள், காப்புச்சுற்று உள்ளதையே எடுக்க வேண்டும். கட்டையின் அடியில் சிறு வட்டப் பலகையாக ஒட்டப்பட்டிருக்கும் அந்தச் சுற்று, ஏற்றம் மிகுந்தாலும் இறக்கம் மிகுந்தாலும் முனைகள் இணைந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஆனால் அதனால் கட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டுவிடும். மிகச்சிறு டார்ச்சுகளுக்குள் அது நுழையாமல் போவதும் உண்டு. நுழையவில்லை என்று காப்பில்லாத கட்டையைத் திணிப்பதைவிட வேறு டார்ச்சு வாங்குவதே உத்தமம். ஒற்றைக் கட்டையில் எரிகிற விளக்கையே தேர்ந்துகொண்டால், கலப்பதால் வரும் அபாயம் வேரோடு நீங்கும்.

உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 14500 அளவில் நேர்மையான கொள்ளளவு 800 முதல் 1000 மில்லி ஆம்பியர் மணிவரை; 18650 அளவில் நல்லவை 3500-ஐ ஒட்டியே நிற்கும். அதே உருளையின்மேல் 9900 என்று எழுதி விற்பவர், மற்ற விஷயங்களிலும் உண்மை சொல்வார் என்று நம்ப இடமில்லை. கைப்பிடித்துப் பார்த்தால் அத்தகைய கட்டை எடையும் குறைந்திருக்கும். மின்னேற்றக்கூடிய இத்தகைய கலங்களுக்கு நம் நாட்டில் ஐ.எஸ். 16046 என்ற தரவிதியின்படி கட்டாயப் பதிவு உண்டு. தர நிர்ணயக் குறியும் ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் உறையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது வாங்குபவர் உரிமை. சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினியிலிருந்து பிடுங்கிய கலங்கள் புது உறையோடும் கிடைக்கலாம். விலை குறைவு என்பதே அவற்றின் வரலாற்றை அறிவிக்கும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் நல்ல கட்டைகளைப் பெட்டியில் இட்டு விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பாமல், முனைகளை மூடிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விமானப் பிரயாணத்தின் விதி.

மின்னேற்றும் இடத்தைப் பற்றி ஒரு சொல். நம் பக்கத்தில் கூரைவீடுகள் இன்னும் உள்ளன. ஒரு வீட்டுத் தீ தெருவையே கொண்டுபோன துயரங்களை ஊர்கள் மறக்கவில்லை. தலையணை ஓரத்தில், பாயின்மேல், சுவரில் செருகிய வைக்கோலுக்குக் கீழே சார்ஜரை வைத்துவிட்டு உறங்குவது மகாபாதகம் என்றே சொல்வேன். விருத்தாசலத்துப் பீங்கான் தட்டு ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதன்மேல் வைத்து, கண்ணுக்கு எதிரே, விழித்திருக்கும் பொழுதில் ஏற்றுங்கள். கை வைத்தால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. பிடிக்க முடியாத சூடென்றால் இணைப்பைப் பிடுங்கித் திறந்த வெளியில் வைத்துவிட வேண்டும். 2.5 வோல்ட்டுக்கும் கீழே வற்றிக் கிடந்த கட்டையை மறுபடி உயிர்ப்பிக்க முயல்வதும் வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து மறுபடி படிந்து இரகசியமாகச் சுவரைத் துளைத்திருக்கக்கூடும். நெடுநாள் உபயோகிக்காமல் வைப்பதானால் பாதியளவு ஏற்றத்தோடு குளிர்ந்த இடத்தில் வைப்பது நலம்.

விருத்தாசலத்தில் வார்த்தெடுத்த பியூஸ் கட்டைகளை மாட்டிய மின்பலகைகளிலேயே, மெல்லிய கம்பி அடிக்கடி அறுகிறதென்று சலித்து, தடித்த செம்புக்கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அறுவதற்காகவே வைக்கப்பட்ட கம்பி அறுகிறது என்பதைக் குறையாக எண்ணிய அதே மனம்தான், காப்புச்சுற்று மின்சாரத்தைத் துண்டித்ததும் ‘கட்டை செத்துவிட்டது’ என்று முடிவுகட்டி, சுற்றைப் பெயர்த்துவிட்டு நேராக இணைக்கச் சொல்கிறது. பழுது பார்க்கும் கடைகளில் அவ்விதம் இணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பீங்கானையும் பியூஸையும் உலகத்துக்கு அனுப்புகிற இந்தப் பிரதேசத்தவர், மற்றெல்லோரையும்விட முன்னதாக இந்தப் பழக்கத்தை விட்டொழிக்க வேண்டும் என்பது என் உள்ளார்ந்த விருப்பம்.

ஆயுள் முடிந்த லித்தியக் கட்டையின் இரு முனைகளிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, தனியாக ஒரு மட்கலத்தில் வைத்து, விற்ற கடையிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ சேர்ப்பிக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகள், செய்பவரே அதைத் திரும்பப் பெற வேண்டுமென்று பொறுப்புச் சுமத்தியிருக்கின்றன. மார்கழிக் கடைசி விடியலில் பழையன கழித்துப் போகி கொளுத்தும் வீட்டார், நெருப்பில் பாயையும் துடைப்பத்தையும் இடும் முன்பு, பிள்ளைகளின் உடைந்த பொம்மைகளையும் கெட்ட டார்ச்சுகளையும் ஒரு தடவை பிரித்துப் பார்த்து, உள்ளே கட்டை இருந்தால் அப்புறப்படுத்திவிட வேண்டும்.